முஹாஸபா: மாணவ மனத்தின் தன்கணக்கும் புதிய தொடக்கமும்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி எனக் கடலை ஒட்டி வாழும் ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு நடைமுறையில் உள்ள தடைக்காலம் அது. முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அந்நாட்களில் படகுகளைக் கரையேற்றி அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள். எந்த இடுக்கில் நீர் கசிகிறது, எந்த ஆணி துருப்பிடித்திருக்கிறது, எந்த வலை கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சரி செய்கிறார்கள். படகை எவரும் திட்டுவதில்லை. ஓட்டையைக் காணாததுபோல் எவரும் கடலில் இறக்குவதுமில்லை.

அதே இரண்டு மாதங்களில்தான் நம் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளும் வருகின்றன. கோடை விடுமுறையும் கழிகிறது. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. படகுக்குக் கிடைக்கும் நிதானமான பரிசோதனை, பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பெரும்பாலான இல்லங்களில் இரண்டிலொன்று நடக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளை கடுஞ்சொற்களால் நொறுக்கப்படுகிறான். அல்லது, "போனது போகட்டும்" என்று ஒரே வரியில் கணக்கு மூடப்படுகிறது. முன்னது பிள்ளையை நம்பிக்கையிழக்கச் செய்கிறது; பின்னது அலட்சியத்தை வளர்க்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியை நம் முன்னோர்கள் வகுத்துத் தந்துள்ளார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் முஹாஸபா.

சொல்லும் பொருளும்

ஹிஸாப் என்னும் அரபுச் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் அறிவர். கணக்கு என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து பிறந்த முஹாஸபா என்பது ஒருவர் தம்மிடமே கணக்குக் கேட்பதைக் குறிக்கும். அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனம், நாளைய தினத்திற்காகத் தான் எதை முன்னனுப்பி வைத்திருக்கிறோம் என்பதை ஒவ்வோர் ஆன்மாவும் நோக்க வேண்டும் எனப் பணிக்கிறது. இங்கே நோக்கச் சொல்லப்படுவது பிறரின் குறைகளையன்று, தன் கைச்சரக்கைத்தான். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன்னரே இம்மையில் நமக்கு நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரீ 243இல் (கி.பி. 857) மறைந்த ஹாரிஸ் என்னும் பேரறிஞர், தன்கணக்குப் பார்ப்பதிலேயே தோய்ந்திருந்த காரணத்தால் "முஹாஸிபீ" என்றே அழைக்கப்பட்டார். அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவின் நாற்பது பகுதிகளுள் ஒன்றை முழுமையாக இப்பொருளுக்கே ஒதுக்கினார்கள். அதில் அவர்கள் எடுத்தாளும் உவமை, வணிகத்தில் தழைத்த நம் கடற்கரை மக்களுக்கு மிகவும் நெருக்கமானது. அறிவு முதலாளி, மனம் அவருடைய வணிகக் கூட்டாளி. காலையில் முதலைக் கையில் கொடுத்து நிபந்தனை பேச வேண்டும். பகல் முழுவதும் கண்காணிக்க வேண்டும். மாலையில் வரவு செலவு பார்க்க வேண்டும். கடமைகள் முதலீடு, உபரி நற்செயல்கள் இலாபம், பாவங்கள் நட்டம்.

இவ்வுவமையில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. கீழக்கரையிலோ தொண்டியிலோ கடை நடத்தும் வணிகர் எவரும் நட்டத்தை மட்டும் எழுதி வைப்பதில்லை. வரவையும் இருப்பையும் சேர்த்தே எழுதுகிறார். அவர் கணக்குப் பார்ப்பது அழுவதற்காகவன்று. நாளை கடை திறப்பதற்காகவே. மாணவனின் தன்கணக்கும் அவ்வாறே அமைய வேண்டும். "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது முஹாஸபா ஆகாது. அது கணக்கே பார்க்காமல் கடையை இழுத்து மூடுவதாகும். "கணிதத்தில் இயற்கணிதம் வருகிறது, வடிவியல் வரவில்லை, வடிவியல் நடத்தப்பட்ட இரண்டு வாரங்கள் நான் பள்ளிக்கு வரவில்லை" என்று சொன்னால் அதுவே முஹாஸபா. முன்னதில் தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. பின்னதில் வரவும் செலவும் இருக்கின்றன.

திரும்புதலின் இலக்கணம்

கணக்குப் பார்த்த பின் செய்ய வேண்டியது தவ்பா. இச்சொல்லின் நேர்ப்பொருள் திரும்புதல் என்பதாகும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலின் தொடக்கத்திலேயே இதன் நிபந்தனைகளை வகுத்துரைக்கிறார்கள். தவறை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகியவை மூன்று. தவறு பிறருடைய உரிமை தொடர்பானதாயின் அவ்வுரிமையை உரியவரிடம் ஒப்படைத்தல் நான்காவது. இந்நான்கில் எதுவும் ஆளை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. செயலை விடு, செயலுக்கு வருந்து, செயலுக்குத் திரும்பாதே, செயலால் விளைந்த இழப்பை ஈடுசெய் என்று நான்கும் செயலையே சுற்றி நிற்கின்றன. குற்றம் வேறு, குற்றம் செய்தவன் வேறு என்னும் வேறுபாடு இவ்விலக்கணத்திலேயே பொதிந்துள்ளது.

வருத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு. நடந்து முடிந்ததை நினைத்து "இப்படிச் செய்திருந்தால், அப்படிச் செய்திருந்தால்" என்று புலம்புவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பயன் தருவதில் முனைப்புக் காட்டும்படியும், இறைவனிடம் உதவி தேடும்படியும், இயலாமையில் சோர்ந்து விடாதிருக்கும்படியும் பணித்துள்ளார்கள். முஸ்லிம் நூலில் இடம்பெறும் இந்த நபிமொழி தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வோர் இல்லத்திலும் நினைவுகூரத் தக்கது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனங்கொள்ள வேண்டும். எல்லாப் பின்னடைவும் குற்றமாகிவிடாது. தந்தையுடன் கடலுக்குச் சென்றதால் வகுப்பைத் தவறவிட்ட பையனும், நோயுற்ற தாய்க்குத் துணையிருந்ததால் தேர்வு நாட்களில் படிக்க முடியாது போன பெண்ணும் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அவர்கள் தவறவிட்ட பாடம் தவறியதாகவே நிற்கிறது. இந்நிலைக்கு ஃபிக்ஹுச் சட்டத்தில் அழகானதொரு முன்மாதிரி இருக்கிறது. உறங்கிவிட்டதாலோ மறந்துவிட்டதாலோ தொழுகையைத் தவறவிட்டவர் மீது பாவம் இல்லை. எனினும் நினைவு வந்ததும் அதைக் களாவாக நிறைவேற்றுவது கடமை. பாவம் இல்லை என்பதற்காகக் கடமை நீங்கிவிடவில்லை. கடமை எஞ்சியிருக்கிறது என்பதற்காகப் பாவி என்று பழிக்கவுமில்லை. சூழ்நிலையால் பின்தங்கிய மாணவனிடம் நாம் பேச வேண்டிய மொழியும் இதுவே. "உன்மேல் பிழை இல்லை, ஆனால் இந்தப் பாடம் உனக்குக் களாவாக இருக்கிறது, வா, சேர்ந்து முடிப்போம்" என்று சொல்லும் ஆசிரியர், இரக்கத்தையும் கண்டிப்பையும் ஒருசேரக் கையாள்கிறார்.

இழப்பே ஆசிரியராக அமைந்ததற்கு இமாம் கஸ்ஸாலியின் இளமைப் பருவ நிகழ்ச்சி ஒன்று சான்று. ஜுர்ஜான் நகரில் பயின்று, பாடக்குறிப்புகளுடன் சொந்த ஊராகிய தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களிடமிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டனர். குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு மன்றாடிய மாணவரை நோக்கிக் கொள்ளையர் தலைவன் நகைத்தான். ஒரு பையைப் பறித்ததும் பறிபோகின்ற கல்வியைக் கற்றுவிட்டதாக எப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்பது அவன் கேட்ட வினாவின் சாரம். பின் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஊர் திரும்பிய கஸ்ஸாலி அவர்கள் மூன்றாண்டுகள் முயன்று அக்குறிப்புகள் முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டார்கள் என வரலாற்றாசிரியர் சுப்கீ பதிவு செய்கிறார். கொள்ளையனின் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அந்த உண்மையை அவர்கள் தள்ளவில்லை. அதைத் தம் கணக்கில் ஒரு செலவாக எழுதி, மூன்றாண்டு உழைப்பை வரவாக வைத்தார்கள். குறிப்பேட்டிலும் கைப்பேசியிலும் பாடத்தைச் சேமித்து வைத்துவிட்டுக் கற்றுவிட்டதாக எண்ணும் இன்றைய மாணவருக்கும் இவ்வினா பொருந்துகிறது.

மறைத்தலும் அறிவுறுத்தலும்

மாணவரைத் தன்கணக்குப் பார்க்கத் தூண்டும் நல்லெண்ணத்தில் சில இடங்களில் பிழையானதொரு முறை கையாளப்படுகிறது. பிள்ளைகள் தம் தவறுகளை எழுதி வகுப்பின்முன் படிக்க வேண்டும் என்றும், மன்னிப்புக் கடிதத்தைப் பலரறிய ஒப்படைக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகின்றனர். இது முஹாஸபாவின் இயல்புக்கு மாறானது. தனக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவத்தை மறைத்துக்கொள்ளுமாறு மார்க்கம் பணிக்கிறது. இரவில் செய்த தவற்றை இறைவன் மறைத்திருக்க, விடிந்ததும் அதைத் தானே பறைசாற்றுவதை நபிமொழி கண்டிக்கிறது. வயது வந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், கணக்குப் பதிவே தொடங்காத சிறுவர்களை நாம் பலர்முன் நிறுத்துவது எவ்வகையில் நியாயமாகும்?

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி அவர்கள் எழுதியுள்ள பகுதி, ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் பாடமாக வைக்கத் தகுந்தது. பிள்ளை நற்செயல் புரிந்தால் பலர்முன் பாராட்ட வேண்டும். ஒருமுறை தவறினால் கண்டும் காணாதிருக்க வேண்டும். அவனே அதை மறைக்க முயலும்போது அத்திரையைக் கிழிக்கலாகாது. மீண்டும் தவறினால் தனிமையில் கண்டிக்க வேண்டும். எப்போதும் பழித்துக்கொண்டேயிருக்கலாகாது, ஏனெனில் பழிச்சொல் கேட்டுப் பழகிய காதில் அறிவுரை ஏறாது. பாடம் முடிந்தபின் களைப்பு நீங்க விளையாட விட வேண்டும். இல்லையேல் மனம் மரத்துப்போகும். இவை அவர்கள் தந்த அறிவுரையின் சுருக்கம். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை.

ஹிஜ்ரீ 808இல் (கி.பி. 1406) மறைந்த இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் மாணவரிடம் காட்டும் கடுமை குறித்துத் தனி இயலே அமைத்தார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் மடிகிறது, சோம்பல் குடியேறுகிறது. தண்டனைக்கு அஞ்சிப் பொய் பேசவும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று நடிக்கவும் கற்கிறான். நாளடைவில் அதுவே அவன் இயல்பாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தன்கணக்குப் பார்க்கத் தேவைப்படும் முதல் பண்பு உண்மை. அச்சம் அந்த உண்மையைத்தான் முதலில் கொல்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை ஆசிரியரிடம் பொய்க்கணக்குக் காட்டுவான். பிறகு தன்னிடமே பொய்க்கணக்குக் காட்டப் பழகுவான்.

அறிவுறுத்துவதற்கும் இழித்துரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க மட்டுமே இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் ஒரு சிறுநூல் இயற்றியிருப்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. நம் நாட்டுச் சட்டமும் இன்று இதே நிலைக்கு வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்துள்ளது. பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் பெற்றோரின் பெயர்ப்பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. முதலிடம் பெற்ற சிலரின் வெளிச்சத்தில், தம் அளவில் முன்னேறிய பலர் இருளில் நின்ற நிலை இதனால் ஓரளவு மாறியது எனலாம்.

இராமேசுவரம் தந்த சான்றுகள்

மேற்கூறிய நெறிகளுக்கு நம் மண்ணிலேயே சான்று தேடினால், 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்து, 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மறைந்து, பேய்க்கரும்பில் அடக்கமாகியிருக்கும் மேனாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வு கண்முன் நிற்கிறது. அவரை வெற்றியின் சின்னமாகவே மாணவர்க்குக் காட்டுகிறோம். ஆனால் அவர் தம் தன்வரலாறாகிய அக்னிச் சிறகுகளில் பதிவு செய்திருப்பவற்றுள் மாணவருக்கு அதிகம் பயன்படுவன அவருடைய பின்னடைவுகளே.

முதற்சான்று மாணவரைப் பற்றியதன்று, ஆசிரியரைப் பற்றியது. இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயின்றபோது, கோயில் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகளின் மகன் இராமநாத சாஸ்திரியும் கலாமும் முன்வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் முஸ்லிம் சிறுவனைப் பிரித்துக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். செய்தியறிந்த சாஸ்திரிகள் அவ்வாசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை நஞ்சைப் பரப்பலாகாது எனக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், அன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், மாறினார். திருந்திப் புதிதாகத் தொடங்கும் கடமை மாணவருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கும் ஆசிரியர் தம் கணக்கையும் திறந்து பார்க்கும்போதே அவருடைய சொல்லுக்கு வலிமை பிறக்கிறது.

இரண்டாவது சான்று இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்தது. இராமகிருஷ்ண ஐயர் என்னும் கணித ஆசிரியர் வேறொரு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கலாம் கவனமின்றி அவ்வறைக்குள் நுழைந்துவிட்டார். வகுப்பினர் அனைவரும் காணப் பிரம்படி விழுந்தது. பல மாதங்கள் சென்றபின் கணிதத்தில் கலாம் முழு மதிப்பெண் பெற்றார். அப்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பள்ளி முழுவதும் கேட்க அவ்வாசிரியரே அந்நிகழ்ச்சியை எடுத்துக்கூறி, அம்மாணவர் பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை சேர்ப்பார் எனப் பாராட்டினார். இந்நிகழ்ச்சியைப் பிரம்புக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு; அது பொருந்தாது. அடிபட்டது அறை மாறி நுழைந்ததற்காக. மதிப்பெண் வந்தது படித்ததனால். இரண்டையும் இணைக்கும் காரணத் தொடர்பு ஏதுமில்லை. உண்மையில் இங்கே போற்றத்தக்கது வேறொன்று. பலர்முன் ஏற்பட்ட இழிவைப் பலர்முன்னரே நீக்கினார் அந்த ஆசிரியர். தவ்பாவின் நான்காவது நிபந்தனையாகிய உரிமையைத் திருப்பித் தருதல் என்பதன் சாயலை இதில் காண்கிறோம். அடித்த கை பல. பிறகு அதே சபையில் மாணவனின் மதிப்பை மீட்டுத் தந்த வாய் சில.

மூன்றாவது சான்று 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விமானியாக வேண்டும் என்பதே கலாமின் நீண்ட நாள் கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்ற 25 பேரில் அவர் ஒன்பதாம் இடம் பெற்றார். எட்டுப் பேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓர் இடத்தில் கனவு கலைந்தது. மனம் உடைந்து ரிஷிகேசம் சென்ற அவர், சிவானந்தரைச் சந்தித்து ஆறுதல் பெற்றார். பின் தில்லிக்குத் திரும்பி, தாம் நேர்காணலுக்குச் சென்றிருந்த மற்றொரு பணியின் நிலையைக் கேட்டறிந்தார். பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாடு, உற்பத்தி இயக்ககத்தில் மூத்த அறிவியல் உதவியாளர் பணிக்கான ஆணை அவர் கையில் தரப்பட்டது. மாதச் சம்பளம் 250 ரூபாய். வானில் பறக்கும் வாய்ப்பை இழந்தவர், வானில் பறப்பவற்றை உருவாக்கும் பாதையில் கால் வைத்தது அன்றுதான்.

நான்காவது சான்று உலகறிந்தது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வு ஒன்று பழுதுற்றதால் அமிலம் கசிந்து வெளியேறியதே காரணம் எனக் கண்டறிந்தனர். திட்ட இயக்குநராகிய கலாம், கசிவு தெரிந்தபோதே ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியது தம் பொறுப்பு என்று ஆய்வுக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார். பிறர்மேல் பழி சுமத்தாத கணக்கு இது. அதேவேளை, செய்தியாளர்களின் கேள்விக்கணைகளுக்கு முன் அவரை நிறுத்தாமல், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன் தாமே முன்னின்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர் கூட்டத்தைக் கலாமே நடத்தட்டும் என்று தவன் ஒதுங்கிக்கொண்டார்.

தோல்விக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட காலம் பதினோரு மாதங்களுக்குச் சற்றே அதிகம். ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. அந்த ஓராண்டில் இரண்டு செயல்கள் சேர்ந்தே நடந்தன. உள்ளே, தவறு நடந்த இடம் மயிரிழை அளவும் மறைக்கப்படாமல் ஆராயப்பட்டது. வெளியே, தவறியவரின் மானம் காக்கப்பட்டது. முஹாஸபாவும் ஸத்ர் என்னும் மறைத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் தெளிவான அண்மைக்காலச் சான்று கிடைப்பது அரிது.

கதவைத் திறப்பவர்

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் புகழ்பெற்ற நபிமொழி ஒன்றுண்டு. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன் மனந்திரும்ப வழி தேடி ஒரு துறவியிடம் சென்றான். வழியே இல்லை என்றார் துறவி. அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் சென்றான். உனக்கும் தவ்பாவுக்கும் இடையே தடுத்து நிற்க எவரால் முடியும் என்று கேட்ட அந்த ஆலிம், அத்துடன் நிறுத்தவில்லை. நல்லோர் வாழும் ஓர் ஊரைச் சுட்டி அங்கே செல்லுமாறும், கெட்ட சூழலுக்குத் திரும்பாதிருக்குமாறும் வழிகாட்டினார். போகும் வழியில் அவன் இறந்தான். இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அளக்கப்பட்டபோது நல்ல ஊருக்கு ஒரு சாண் அருகே இருந்தான், அருளுக்குரியவனானான்.

கற்பிப்போர்க்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, வணக்கம் மிகுந்த துறவி கதவை மூடினார். அறிவு மிகுந்த ஆலிம் திறந்தார். "இவன் தேறமாட்டான்" என்று சொல்ல அதிக அறிவு தேவையில்லை. தேறும் வழியைக் காட்டத்தான் அறிவு தேவைப்படுகிறது. இரண்டாவது, வாய்வார்த்தை ஊக்கம் மட்டும் போதாது. சூழலும் மாற வேண்டும். இருக்கை மாற்றம், நட்பு மாற்றம், மாலையில் படிக்க ஓர் அமைதியான இடம் ஆகியவை ஒரு மாணவனுக்கு "நல்லோர் ஊராக" அமையலாம். மூன்றாவது, அவன் சென்றடைந்த இடத்தை வைத்து அவனை மதிப்பிடவில்லை. திரும்பி நின்ற திசையையும் கடந்த தொலைவையும் வைத்தே மதிப்பிட்டனர். 28 மதிப்பெண்ணிலிருந்து 41க்கு வந்த பிள்ளை கடந்திருக்கும் தொலைவு, 95லிருந்து 96க்குச் சென்ற பிள்ளையினுடையதை விடப் பெரிது.

மூடிய கதவு பின் திறந்ததற்குக் கீழக்கரை மண்ணிலும் ஒரு செய்தி வழங்குகிறது. சீறாப்புராணம் பாட விழைந்த உமறுப் புலவர், அதற்கான வரலாற்றுச் செய்திகளை நாடி ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார் என்றும், அவருடைய தோற்றமும் உடையும் கண்டு முதலில் மறுத்த அப்பா அவர்கள் பின்னர் ஒரு கனவின் காரணமாக மனமிசைந்தார்கள் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. முதல் மறுப்போடு அச்செய்தி முடிந்திருந்தால் தமிழுக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும். தோற்றம் கண்டு எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்வது பெரியோரின் பெருமையைக் குறைப்பதில்லை.

செயல்முறை

இவ்வளவும் அறிந்தபின் பள்ளியிலும் மக்தபிலும் இல்லத்திலும் செய்யத்தக்கவை யாவை? மாணவன் ஒவ்வொருவனிடமும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். இரவு உறங்கும் முன் ஐந்து வினாக்களுக்கு ஓரிரு வரிகளில் விடை எழுதட்டும். இன்று எதைப் புதிதாகக் கற்றேன்? எதைச் செய்யாமல் விட்டேன்? ஏன் விட்டேன்? யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது? நாளை எந்த ஒன்றை மட்டும் மாற்றப் போகிறேன்? முதல் வினா வரவைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்காவது வினா, நண்பனின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியது முதல் இரவல் பெற்ற புத்தகம் வரை பிறர் உரிமைகளை நினைவூட்டும். ஐந்தாவதில் ஒன்றுக்கு மேல் எழுத வேண்டாம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்னும் நபிமொழிக் கருத்து இதற்கு அடிப்படை. ஜூன் முதல் வாரத்தில் பத்துத் தீர்மானங்கள் எழுதும் பிள்ளை ஜூலையில் ஒன்றையும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இக்குறிப்பேட்டை ஆசிரியர் கேட்டு வாங்கிப் படிக்கலாகாது, மதிப்பெண் இடலாகாது. மாணவனே விரும்பிக் காட்டினால் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டதைப் பிறரிடம் பேசலாகாது. அமானிதம் அது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாணவனுடனும் சில நிமிடங்கள் தனியே உரையாட ஆசிரியர் நேரம் ஒதுக்கினால் நன்று. "ஏன் குறைந்தது?" என்னும் கேள்வியை விட, "எந்த இடத்திலிருந்து விளங்காமல் போயிற்று?" என்னும் கேள்வி பயன் தரும். முன்னது பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. பின்னது படகின் ஓட்டையைத் தேடுகிறது.

பொதுத் தேர்வில் தவறியோருக்கு முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடத்தப்படுகிறது. அதே ஆண்டிலேயே மேற்படிப்பைத் தொடரவும் வழி கிடைக்கிறது. இச்செய்தியை முடிவு வெளியாகும் நாளுக்கு முன்னரே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் விளக்கிவிட வேண்டும். வெள்ளம் வந்தபின் பாலத்தைத் தேடலாகாது. மனம் தளர்ந்த பிள்ளையை அந்நாட்களில் தனித்திருக்க விடலாகாது. 104 என்னும் அரசு உதவி எண்ணில் மாணவர்க்கு மனநல ஆலோசனை கிடைக்கிறது என்பதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளிலும் எழுதி வைக்கலாம்.

ஹிஜ்ரத்தின் பொருள்

இஸ்லாமிய ஆண்டுக்கணக்கை எந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது என உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஆலோசிக்கப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்டது ஹிஜ்ரத். துரத்தப்பட்டோர் புதிய ஊரில் புதிதாகத் தொடங்கிய நாளே நம் காலக்கணக்கின் முதல் ஆண்டாயிற்று. இறைவன் தடுத்தவற்றை விட்டு விலகுபவரே உண்மையான முஹாஜிர் என்றும் அண்ணலார் (ஸல்) விளக்கியுள்ளார்கள். அவ்வகையில் பொய்க்கணக்கிலிருந்து மெய்க்கணக்கிற்கும், சோர்விலிருந்து முயற்சிக்கும் இடம்பெயரும் ஒவ்வொரு மாணவனும் ஒரு சிறு ஹிஜ்ரத்தை மேற்கொள்கிறான்.

அப்பயணத்தில் கணக்குப் பார்ப்பது பிள்ளையின் கடமை. கதவைத் திறந்து வைப்பது நம் கடமை. தன் பங்கை அவன் செய்ய முன்வரும்போது நம் பங்கு நிலுவையில் இருந்தால், மறுமையின் பேரேட்டில் அந்த நிலுவை நம் பெயரில்தான் எழுதப்படும். நம் பிள்ளைகளுக்கு உண்மையாகக் கணக்குப் பார்க்கும் துணிவையும், நமக்குப் பொறுமையாகக் காத்திருக்கும் பண்பையும் வல்ல இறைவன் வழங்குவானாக.